கிள்ளானுக்குப் போன இரண்டு குப்பிகள்

சென்ற மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், நான் முன்பு வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் எனக்கு விருந்து வைத்தார்கள். ரசம் வரும்வரை எல்லாம் மரியாதையாகத்தான் போனது. பிறகு ஒரு பெண் கேட்டாள்: "அங்கிள், நீங்க நிஜமாவே தொப்புள்கொடிய ஐஸ் பெட்டியில வச்சித் தூக்கிட்டு வருவீங்களாமே? உண்மையா, இல்ல இவனுங்க சும்மா விடுறானுங்களா?"

பக்கத்து மேசைக்காரர் மோர்மிளகாயைக் கடிக்காமல் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

உண்மைதான் என்றேன். அந்தப் பெண்ணுக்கு இரத்தக்குழாய்ச் செல் வேண்டுமென்றால் கணினியில் எழுதிப்போட்டால் போதும். உறைந்த குப்பியில், புகை கக்கிக்கொண்டு, விமானத்தில் வந்து இறங்கிவிடும். யார் கொடுத்தார், யார் சம்மதித்தார் என்பதற்குக் கட்டுக்கட்டாகக் காகிதமும் கூடவே வரும். நல்லதுதான். எங்கள் காலத்தில் பிரசவ வார்டு வாசலில் போய் நிற்க வேண்டும். மேசையில் பாயசம் வருவதற்குள் முழுக்கதையும் சொல்ல முடியாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் குணசேகரன். சொந்த ஊர் துறைமுக ஊரான கிள்ளான். படித்தது, பயிற்சி எடுத்தது, முதல் சில வருடங்கள் மலமும் சளியும் பார்த்துக் காலம் தள்ளியது, இதெல்லாம் சாப்பிட்ட கையோடு கேட்கிற சங்கதி அல்ல, விட்டுவிடுவோம். எண்பதுகளில் கோலாலம்பூரில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்துக்கு என்னை மாற்றினார்கள். அங்கே எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் டாக்டர் நேசமலர்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர் அவர். இங்கிலாந்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தும் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்கிற பழக்கம் போகவில்லை. பருத்திச் சேலைக்கு மேலே வெள்ளைக் கோட்டு, கொண்டையில் குத்திய ஒரு பென்சில். அந்தப் பென்சிலைத் தினமும் மேசை முழுக்கத் தேடுவார். கொண்டையில் இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் கோபம் வரும். நாங்களும் கூடச் சேர்ந்து தேடுவது போல நடிப்போம். சத்தம் போட்டுத் திட்டுகிற ஆள் இல்லை. வேலையில் பிசகினால், செய்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொல்வார். சொல்லிக்கொண்டே வருவோம். பிசகிய இடம் வந்ததும் நாக்கு தானாக நின்றுவிடும். "ம், பிறகு?" என்பார். அந்தப் 'பிறகு'வுக்கு நான் பயந்த அளவுக்கு என் மாமனாருக்குக்கூடப் பயந்ததில்லை.

இன்னொரு குணம், அரைகுறையாக எதையாவது சொன்னால் அவருக்கு ஆகாது. யார் சொன்னாலும் திருத்துவார். துறைத்தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திருத்துவார். கோயிலில் ஐயர் நாள் தப்பாகச் சொன்னதைத் திருத்தியதாகவும் கேள்வி.

அவர் முன்பு குழந்தைகள் வார்டில் இருந்தவர். டிங்கி என்கிற டெங்குக் காய்ச்சல் கண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறார். காய்ச்சல் இறங்கியதும் பெற்றவர்கள் முகத்தில் சிரிப்பு வரும். டாக்டர் அப்போதுதான் கட்டிலை விட்டு நகரமாட்டார். சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விடுகிற அந்த நேரத்தில்தான் இரத்தக்குழாயிலிருந்து நீரும் புரதமும் வெளியே கசியும். உள்ளே இருக்கிற இரத்தம் கூழாகும், கைகால் சில்லிட்டுப் போகும். ஓரிரு நாள் பிள்ளையைத் தாக்குப்பிடிக்க வைத்துவிட்டால் கசிவு தானாக நின்று, போன நீர் திரும்பி உள்ளே வரும். அது தெரியாமல் மருந்துநீரை ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரல் நிரம்பிவிடும்.

இதை 'ஓட்டைக் குழாய்' என்று மாணவர்கள் எழுதினால் போச்சு. "குழாய் உடையேல்லை. பிடிதான் தளர்ந்தது" என்பார். தைப்பூசத்தில் தொண்டர்கள் கையோடு கை கோத்துக் கூட்டத்தைத் தடுத்து நிற்பதைச் சொல்வார். கை கோத்திருக்கும்வரை யாரும் நுழைய முடியாது. கொஞ்சம் தளர்ந்தால் இடையில் புகுந்து போய்விடுவார்கள். அதற்காகத் தொண்டர் யாரும் செத்து விழவில்லை. மறுபடி கை கோத்தால் சரியாகிவிடும். இரத்தக்குழாயின் உள்சுவரும் அப்படித்தான். ஒற்றை அடுக்காகச் செல்கள். செல்லும் செல்லும் சேர்கிற விளிம்பில்தான் காவல். அந்தப் பிடி தளர்வதையும் மறுபடி இறுகுவதையும் சொந்தக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசைக்குச் செல் வேண்டும். உயிருள்ள மனிதரின் இரத்தக்குழாயை யார் அறுத்துக் கொடுப்பார்கள்? தொப்புள்கொடி ஒன்றுதான் வலியில்லாமல் கிடைக்கிற இரத்தக்குழாய்.

அப்படித்தான் நான் ஐஸ் பெட்டியைத் தூக்கினேன்.

பிரசவ வார்டின் பொறுப்பில் இருந்தவர் சிஸ்டர் சலேஹா என்ற மலாய் அம்மா. தங்கமான மனுஷி, குரல் மட்டும் சந்தைக் குரல். தொப்புள்கொடிக்கு மலாயில் 'தாலி பூசாட்' என்பார்கள். "குணா! தாலி சூடா சியாப்!" என்று, கொடி தயார் என்கிற அர்த்தத்தில், அவர் வார்டு அதிரக் கூப்பிட்டபோது, கட்டிலில் படுத்திருந்த ஒரு தமிழ்ப் பெண் பதறிப்போய்க் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். வெளியே காத்திருக்கிற அப்பன்மார்கள் என்னை டாக்டர் என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். ஆணா, பெண்ணா என்று கேட்பார்கள். நான் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விடுவேன். ஆஸ்பத்திரி முழுக்க எனக்குத் 'தொப்புள்கொடி குணா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். என் கல்யாணப் பத்திரிகையில் அதைப் போடாத குறைதான்.

கொடி வந்ததும் முதலில் துடைத்து நீட்டிப் படுக்கவைப்பேன். வெட்டிய முனையில் மூன்று வாய் தெரியும். விறைப்பாக நிற்கிற இரண்டும் தமனி. தளர்ந்து அகலமாக இருப்பது சிரை. நமக்கு வேண்டியது சிரை. மழுங்கிய ஊசியை அதற்குள் நுழைத்து நூலால் கட்ட வேண்டும். கட்டு இறுகினால் கிழியும், தளர்ந்தால் ஒழுகும். வெதுவெதுப்பான உப்புநீர் விட்டு இரத்தம் போகக் கழுவி, பிறகு உள்சுவரைப் பிரித்தெடுக்கிற நொதியை நிரப்பி, இரண்டு முனையையும் கவ்வி வைத்து, வெந்நீர்த் தொட்டியில் கொஞ்ச நேரம் மிதக்கவிட வேண்டும். எடுத்து, உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டுவேன். "பிள்ளைக்கு எண்ணெய் தடவுற மாதிரி தடவும், குணா. உடுப்புப் பிழியிற மாதிரிப் பிழியாதையும்" என்று பின்னாலிருந்து குரல் வரும். பிறகு வடித்து, சுழற்றி, அடியில் தங்குகிற வெண்மையான துளியை எடுத்து, தட்டைக் குப்பியில் இளஞ்சிவப்பு ஊட்டநீர் விட்டு, இன்குபேட்டரில் வைக்க வேண்டும்.

சொல்லும்போது சுலபம். செய்தால் நாலாம் நாள் பூஞ்சை. கோலாலம்பூர்க் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. குளிர்சாதனமோ பாதி நாள் வேலை செய்யாது. பூஞ்சை வராவிட்டால் செல்கள் ஒட்டாது. ஒட்டினால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு ஒன்றோடொன்று சேராது. மாதக்கணக்கில் இந்தக் கூத்துதான். இன்குபேட்டர் வேறு இரவல். அந்தக் கல்வித் தவணை முடிந்ததும் திருப்பிக் கேட்போம் என்று பக்கத்துத் துறையில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் பென்சில் தேடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் கொடி வந்தது. நீளமான, தடித்த, முறுக்கில்லாத கொடி. ஊசி முதல் முயற்சியிலேயே உட்கார்ந்தது. ஒரு வாரத்தில் குப்பியின் அடி முழுக்கச் செல்கள் பரவி, விளிம்போடு விளிம்பு சேர்ந்து, இடைவெளி இல்லாத ஒரே விரிப்பாக நின்றன. டாக்டர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. "குணா, என்ர பென்சில் எங்க?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமாக அறையெல்லாம் தேடினேன்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் ஆய்வுக்கூடக் கதவு படாரென்று திறந்தது. தலையில் துண்டு கட்டி, கைலி உடுத்திய ஒரு சீனப் பெண் நின்றாள். முகம் வெளிறி, கண் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு தமிழ் இளைஞன், துண்டில் சுற்றிய மண்பானையை இரண்டு கையாலும் பிடித்தபடி, என்னை மன்னித்துவிடுங்கள் என்கிற முகத்தோடு நின்றான்.

"ச்சாரி சியாப்பா, ஆமோய்?" என்று கேட்டேன். யாரைத் தேடுகிறாய் பெண்ணே என்று.

"அண்ணே, தமிழ்ல பேசுங்க. எங்க என் பிள்ளையோட கொடி?"

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் சலேஹா. "குணா, ஹாபிஸ் லா கித்தா!" தொலைந்தோம் என்கிறார். "அன்னிக்கு நீ எடுத்துட்டுப் போன கொடி... அந்தப் பொண்ணு சீனம் இல்ல, குணா! தமிழ்!"

"தெரியும் சிஸ்டர். என் முன்னாடிதான் நிக்கிறாங்க" என்று வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். மலாய்க்காரர்கள் நஞ்சுக்கொடியை, அவர்கள் மொழியில் 'உரி'யை, கழுவி, உப்பும் புளியும் போட்டு, வீட்டு மண்ணில் புதைப்பார்கள். சலேஹா அதில் கண்டிப்பானவர். மலாய்க் குடும்பத்து நஞ்சுக்கொடியில் யாரையும் கைவைக்க விடமாட்டார். தமிழ்க் குடும்பங்களிலும் சிலர் கேட்பதுண்டு என்பதால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார். சீனக் குடும்பம் என்றால் கேட்பதே இல்லை. அவர்கள் யாரும் கேட்டதில்லை என்பது அவர் அனுபவம். இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார், அடையாள அட்டையில் சீனப் பெயரைப் பார்த்தார், கொடியை வெட்டி என் பெட்டிக்குப் போட்டுவிட்டார். சற்று நேரத்தில் புருஷன்காரன் வந்து கேட்டதும், வேறொரு நர்ஸ் மீதி நஞ்சுக்கொடியைப் பையில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டார். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்று தாயும் சேயும் சில நாள் வார்டிலேயே இருந்தார்கள். வீட்டுக்குப் போய், புதைப்பதற்கு முன் உப்பு மாற்றலாம் என்று பானையைத் திறந்தவள், உள்ளே கொடி இல்லாததைக் கண்டிருக்கிறாள்.

"ஒரு வார்த்த கேட்டாங்களா அண்ணே? மூஞ்சியப் பாத்தே முடிவு பண்ணிடுவீங்களா? என் பேரு வள்ளி. வள்ளிக்கெழங்குக் குழியில கெடைச்ச புள்ள மாதிரி கெடைச்சவன்னு எங்கப்பா வச்ச பேரு. அந்த அட்டையில இருக்கிறது என்னைக் குடுத்தவங்க வச்சது."

"வள்ளி, மெதுவா பேசு லா, உடம்புக்கு ஆவாது" என்றான் புருஷன். முருகையா என்று பெயர். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவன். "பாஸ், தப்பா எடுத்துக்காதீங்க."

"நீங்க சும்மா இருங்க. பானையக் காட்டுங்க இவருக்கு."

காட்டினான். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னாள். கிள்ளானில் ஒரு சீனக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை. பெண் குழந்தை, சாதகம் ஆகாது என்று பக்கத்துத் தெருத் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படிப் பல வீட்டில் நடந்தது. தூக்கிவந்த அன்றைக்கு, பக்கத்து வீட்டு மலாய் மக்சிக், நம் அத்தை மாதிரி, ஆசையாகக் கேட்டிருக்கிறார், இந்தப் பிள்ளையின் உரியை எங்கே புதைத்தீர்கள் என்று. வளர்க்க எடுத்த தாய்க்கு அது தெரியவில்லை.

"எங்கம்மா சாகுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லி அழுவாங்கண்ணே. என் கொடி எந்தக் குப்பையில போச்சோ, யாருக்குத் தெரியும்? என் புள்ளைக்கும் அப்படி ஆவக் கூடாது. எங்க வீட்டுப் பின்னாடி எங்கப்பா குழி வெட்டி வச்சிட்டு ஒக்காந்திருக்காரு. கொடி இல்லாம மூட மாட்டேன்."

நல்லவேளையாக டாக்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. செல்கள் நன்றாக நிலைக்கும்வரை வெறும் கொடியை எறியக் கூடாது. குளிர்பெட்டியிலிருந்து ஜாடியை எடுத்துவந்து வள்ளியின் கையில் கொடுத்தேன். அவள் முகம் தெளிந்தது. ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, "இது முழுசா இருக்குல்லண்ணே?" என்றாள்.

ஆமாம் என்று நான் வாயெடுக்கும் நேரத்தில், டாக்டர் உள்ளறையிலிருந்து வந்து நின்றார்.

"இல்லை பிள்ளை. முழுசா இல்லை. உள்சுவர் எங்களிட்ட இருக்கு."

ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு. பேசாமல் இருந்திருந்தால் அவள் ஜாடியோடு போயிருப்பாள். மாதக்கணக்கில் தவமிருந்து கிடைத்த விரிப்பு எங்களுக்கு மிஞ்சியிருக்கும். ஆனால் அவரால் ஐயரிடமே சும்மா இருக்க முடியவில்லையே!

டாக்டர் வள்ளியை நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார வைத்தார். வள்ளி ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மறு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"மீன் பாசார் தரையில கல்லு பதிச்ச மாதிரி இருக்கு. இதுவா? உசுரோடயா இருக்கு?"

"ஓம். உம்மட பிள்ளையின்ர கொடியில இருந்து வந்தது. உயிரோடதான் இருக்கு."

"சாப்பாடு?"

"நான்தான் குடுக்கிறேன்" என்றேன். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா பழசக் கொட்டிட்டுப் புதுசு ஊத்தணும்."

"அப்ப நீங்களும் பிரசவம் பாத்த மாதிரிதாண்ணே" என்றாள். கோபம் பாதி இறங்கியிருந்தது.

டாக்டர் அவளுக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டிங்கியைச் சொன்னார், பிடி தளர்வதைச் சொன்னார், தைப்பூசத் தொண்டரைச் சொன்னார். பிறகு, "இது உம்மட சொத்து. கேட்காமல் எடுத்தது பிழை. இப்பவே கொண்டு போகலாம். வெளியில கொண்டு போனால் செத்துப்போகும், அதையும் சொல்லிப்போட வேணும். விட்டிட்டுப் போனால் நான் என்ர வேலையைச் செய்து பார்ப்பன். முடிவு உம்மடது" என்றார்.

முருகையா பானையை மாற்றிப் பிடித்தான்.

"எங்க ரோட்டுல ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆச்சு" என்றாள் வள்ளி. "காய்ச்சல் விட்டுடுச்சுன்னு எல்லாரும் சந்தோசப்பட்டோம்." ஜாடியிலிருந்த கொடியை எடுத்துப் பானைக்குள் விட்டாள். "சரி, வேலைய முடிச்சிட்டு அனுப்புங்க. பானையில உப்பு இருக்கு, தாங்கும். ஆனா ஒண்ணு. போஸ்ட்ல கீஸ்ட்ல அனுப்பக் கூடாது. நீங்களே கிள்ளானுக்குக் கொண்டு வரணும். அது வரைக்கும் குழி தொறந்தேதான் இருக்கும்."

"வாறன்" என்றார் டாக்டர்.

அடுத்து வந்த நாட்களில் நான் சாமி கும்பிட்ட மாதிரி என் வாழ்நாளில் கும்பிட்டதில்லை. செல்களை எடுத்து, அடியில் மெல்லிய சல்லடைத் தாள் வைத்த சின்னக் கிண்ணங்களில் வளர்த்தோம். மறுபடி விரிப்பாகச் சேர்ந்ததும், மேலே நீலச்சாயம் ஏற்றிய புரதநீரை விட்டோம். விரிப்பு இறுக்கமாக இருந்தால் நீலம் மேலேயே நிற்கும். கீழ்த்தட்டு தெளிவாக இருக்கும். இருந்தது. கிண்ணங்களைப் பாதியாகப் பிரித்தோம். ஒரு பாதியைத் தொடவில்லை. மறுபாதியில், இரத்தத்தை உறையவைக்கிற ஒரு பொருளை டாக்டர் சொட்டுவிட்டார். அது விளிம்புப் பிடியைத் தளர்த்தும் என்று படித்திருந்தோம்.

காத்திருந்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கீழ்த்தட்டில் வானத்து நீலம் லேசாக வந்தது. கொஞ்ச நேரத்தில் நன்றாகவே நீலம். நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு செல்லும் சாகவில்லை. விளிம்பை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, ஒன்றையொன்று விட்டுவிட்டு நின்றன. இடையில் சின்னச் சின்னச் சந்துகள். தொடாத கிண்ணங்களில் அப்படி எதுவும் இல்லை.

"இனி கழுவி, புது ஊட்டநீர் விட்டு, வைச்சிட்டு வீட்டுக்குப் போம்" என்றார் டாக்டர். "நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதுதான் மிச்ச வேலை."

கிள்ளான் பஸ்ஸில் உட்கார்ந்தவன் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். காலையில் முதல் ஆளாக வந்தால், டாக்டர் எனக்கு முன்பே வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் வரும்வரை திறக்கவில்லையாம். நீலத்தை மறுபடி மேலே விட்டோம். கீழே பார்த்துக்கொண்டே நின்றோம். தெளிவாகவே இருந்தது. இன்னும் காத்திருந்தோம். தெளிவாகவே இருந்தது. நுண்ணோக்கியில் சந்துகளைக் காணோம். அதே செல்கள், விளிம்போடு விளிம்பு.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டு, "குணா, தேத்தண்ணி போடும். சீனி கனக்கப் போடும்" என்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி. அன்றைக்கு மட்டும் நிறையவே போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை டாக்டரின் பழைய காரில் பெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளானுக்குப் போனோம். செல் ஒட்டிய, கிருமிநீக்கிக் கழுவிய தாள் வட்டங்கள் இரண்டு குப்பிகளில் என் மடியில் இருந்தன. தொடாத கிண்ணத்துத் தாள் ஒரு குப்பியில், தளர்ந்து மறுபடி இறுகிய தாள் மற்றொன்றில். கலக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. புதைப்பதற்குத்தானே டாக்டர், கலந்தால் என்ன என்று கேட்டேன். "பிழையாப் புதைக்கிறதோ?" என்றார்.

ரயில் பாதையை ஒட்டிய பலகை வீடு. வள்ளி பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள். பிள்ளை முருகையாவின் நிறம், வள்ளியின் கண். கொல்லையில் பக்கத்து வீட்டு மக்சிக் முக்காடு போட்டு உட்கார்ந்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தார். சங்கோல் என்கிற மண்வெட்டியைப் பிடித்தபடி வள்ளியின் அப்பா நின்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நல்ல கறுப்பு, வெள்ளை மீசை, கதவு அகலம்.

பானையில் கூடவே ஒரு பென்சில் போட்டால் பிள்ளை நன்றாகப் படிப்பான் என்றார் மக்சிக். வீட்டில் பென்சில் இல்லை. முருகையா லோரிக்கு ஓடினான். அவனிடமும் பேனாதான் இருந்தது. பேனா ஆகாது என்றார் மக்சிக். எல்லோரும் டாக்டரின் கொண்டையைப் பார்த்தோம். யாரும் சொல்லவில்லை. டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், மெல்லக் கையைத் தூக்கி, பென்சிலை உருவிப் பானையில் போட்டார். "எல்லாருக்கும் தெரியும்தானே, எனக்கும் தெரியும்" என்றார் என்னைப் பார்த்து.

அப்போதுதான் கவனித்தேன். குழி ஒன்றல்ல, இரண்டு. பானைக்கு வெட்டியது பெரியது. பக்கத்தில் சின்னதாக இன்னொன்று.

"அது எதுக்கும்மா?" என்றேன்.

"எங்கப்பா வெட்டினாரு. எனக்காம். எதப் போடுறதுன்னு எங்களுக்கே தெரியல" என்று சிரித்தாள் வள்ளி. பிறகு என் கையிலிருந்த குப்பிகளைப் பார்த்தாள். "ஏன் ரெண்டு?"

"இதுல இருக்கிறது ஆரம்பத்துலேருந்து பிடிச்ச பிடி விடாதது. அதுல இருக்கிறது விட்டுட்டு, மறுபடி பிடிச்சிக்கிட்டது."

"மறுபடி பிடிச்சிக்கிச்சா? யாராச்சும் மருந்து குடுத்தீங்களா?"

"இல்ல. அதுவா பிடிச்சிக்கிச்சு."

பிள்ளையை முருகையாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு குப்பியையும் வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள். இரண்டிலும் நகத்தளவு வட்டம்தான். வித்தியாசம் ஒன்றும் தெரியாது. முதல் குப்பியைத் திறந்து பானைக்குள் கவிழ்த்தாள். "என் புள்ள கைய யாரும் விடல. அவனுக்கு இது." பிறகு சின்னக் குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "விட்டுட்டுப் பிடிச்சது எனக்கு."

அறிவியல்படி பார்த்தால் இரண்டு குப்பியில் இருந்ததும் அந்தப் பிள்ளையின் செல்தான். தாயுடையது ஒன்றுகூட இல்லை. நான் டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன். ஐயரைத் திருத்தியவர், துறைத்தலைவரைத் திருத்தியவர்.

"ஓம் பிள்ளை" என்றார் டாக்டர்.

வள்ளி தாள்வட்டத்தைக் குழியில் வைத்தாள். "மூடுங்கப்பா" என்றாள்.

அந்தப் பெரிய மனிதர் சங்கோலைப் பிடித்தபடி நின்றார். மண்ணைத் தள்ளவில்லை.

"உன்னத் தூக்கிட்டு வந்தன்னிக்கு, என் சட்டைப் பொத்தானப் புடிச்ச நீ. வீடு வந்து சேர்ற வரைக்கும் விடலம்மா. கடைசியில பொத்தான்தான் பிஞ்சி போச்சு."

"அந்தப் பொத்தான் எங்கப்பா?"

அவர் மடியை அவிழ்த்துக் காட்டினார். பொத்தானை வாங்கி, தாள்வட்டத்தின் மேலேயே வைத்தாள் வள்ளி. அப்புறம்தான் அவர் மண்ணைத் தள்ளினார்.